அறுபதில் நடுங்கும் முன்சக்கரம்

மோட்டார் சைக்கிளில் வரும் கோளாறுகளில் மிகவும் குழப்புவது முன்சக்கர நடுக்கம். வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகிறது. 60-ஐ நெருங்கியதும் ஹேண்டில்பார் இடமும் வலமுமாகத் துடிக்கிறது. 80-ஐத் தொட்டால் துடிப்பு அடங்கிவிடுகிறது. பிடி இறுக்கமாக இருக்கும்வரை கோளாறு தெரிவதில்லை. சற்றுத் தளர்ந்தாலே கை உணர்கிறது. ஒரு மெக்கானிக் டயரை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் மூட்டிலுள்ள பேரிங்) போய்விட்டது என்கிறார். மூன்றாமவர் ரிம் பெண்டு என்கிறார். மூவர் சொல்வதும் சரியாக இருக்கக்கூடும் என்பதுதான் இந்தக் கோளாறின் புதிர்.

ஒரே அறிகுறிக்கு இத்தனை காரணங்கள் இருப்பது எப்படி? வேகம் கூடக் கூட வளர வேண்டிய கோளாறு நடுவில் ஒரு வேகத்தில் மட்டும் தலைகாட்டுவது ஏன்? விடை இதுதான்: நடுக்கம் தனி ஒரு பாகத்தின் குணம் அல்ல. சக்கரம், டயர், போர்க், ஹேண்டில், சட்டம், ஓட்டுநரின் கை எல்லாம் சேர்ந்த அமைப்பின் குணம் அது. புது வண்டியிலும் அந்த இயல்பு உண்டு. அதைத் தூண்டும் விசை கூடினாலோ, அடக்கும் திறன் குறைந்தாலோ அது வெளியே தெரிகிறது. பழுதைத் தேடுவது என்றால் இந்த இரண்டில் எது நடந்தது என்று கண்டுபிடிப்பது.

சக்கரத்தை நேராக வைப்பது எது?

முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் செங்குத்தாக நிற்பதில்லை. ஹேண்டில் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். சாலை வண்டிகளில் இந்தச் சாய்கோணம் பெரும்பாலும் 24 முதல் 30 பாகைக்குள் இருக்கும். அந்த அச்சைக் கற்பனையில் கீழ்நோக்கி நீட்டினால், அது தரையைத் தொடும் புள்ளி டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பொறியாளர்கள் டிரெய்ல் என்கிறார்கள். தமிழில் பின்தொடர் நீளம் எனலாம். சாலை வண்டிகளில் இது ஏறத்தாழ 80 முதல் 120 மில்லிமீட்டர் வரை.

பின்தொடர் நீளம் செய்யும் வேலையைப் பல்பொருள் அங்காடியின் தள்ளுவண்டியில் நேராகவே பார்க்கலாம். அதன் முன்சக்கரம் தான் திரும்பும் அச்சுக்குப் பின்னால் தரையைத் தொடுகிறது. வண்டியைத் தள்ளியதும் சக்கரம் தானே திரும்பி, போகும் திசைக்கு ஒத்துவிடுகிறது. மோட்டார் சைக்கிளிலும் டயர் ஒரு பக்கம் திரும்பினால் தரை அதைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த விசை திரும்பும் அச்சுக்குப் பின்னால் விழுவதால் சக்கரத்தை மீண்டும் நேராக்கும்.

அதே தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளினால் ஒரு சக்கரம் படபடவென்று துடிப்பதையும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நேராக்கும் விசைதான் அந்தத் துடிப்புக்கும் மூலம். நடுவுக்குத் திரும்பிவரும் சக்கரம் அங்கே நிற்காமல் மறுபக்கம் கடந்துபோகிறது. அங்கிருந்து மறுபடியும் இழுக்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றல் கொஞ்சம் கரைந்தால் அசைவு அடங்கும். கரைவது குறைந்தால் அசைவு நீடிக்கும். ஆற்றல் கரைவதைத் தணிப்பு என்பர்.

இது எப்படித் தெரிந்தது?

இருசக்கர வண்டி விழாமல் ஓடுவதைக் கணித முறையில் முழுமையாக ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர்கள் பிரிட்டனின் விப்பிளும் பிரான்ஸின் கார்வாலோவும். இருவரும் 1899-ஐ ஒட்டித் தனித்தனியே அதற்கான சமன்பாடுகளை எழுதினார்கள். அதன் பிறகு நெடுங்காலம் பலரும் நம்பியது சுழல் விளைவை: சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை மாற்ற விடாமல் எதிர்ப்பதால்தான் வண்டி நிற்கிறது என்ற விளக்கம் பள்ளிப் பாடம்வரை பரவியது.

1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் அதைச் சோதனையில் இறக்கினார். சைக்கிளின் முன்சக்கரத்துக்கு அருகே தரையைத் தொடாத இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, அதை எதிர்த்திசையில் சுழலவிட்டார். ஒன்றின் சுழல் விளைவை மற்றொன்று அழித்துவிடும். ஆனாலும் அந்த சைக்கிளை எளிதாக ஓட்ட முடிந்தது. ஆளில்லாமல் தள்ளிவிட்டபோதுதான் அது விரைவில் விழுந்தது. பிறகு போர்க்கைத் திருப்பிப் பொருத்திப் பின்தொடர் நீளத்தை அதிகரித்தார். ஆளில்லாமலே சைக்கிள் வியக்கத்தக்க அளவு நேராக ஓடியது. பின்தொடர் நீளத்தை எதிர்த்திசைக்கு மாற்றிய சைக்கிள் உடனே சாய்ந்தது. சுழல் விளைவைவிட முன்பகுதியின் வடிவமே முக்கியம் என்பது அவர் கண்ட முடிவு.

கதை அத்துடன் முடியவில்லை. 2011-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தையும் சார்ந்த ஆய்வாளர்கள் சிறு சக்கரங்கள் கொண்ட ஒரு விநோத சைக்கிளைக் கட்டினார்கள். அதில் சுழல் விளைவு அழிக்கப்பட்டிருந்தது. பின்தொடர் நீளமும் சற்று எதிர்த்திசையில் இருந்தது. இருந்தும் தள்ளிவிட்டால் அது தானே நிமிர்ந்து ஓடியது. எடை எங்கெங்கே அமர்ந்திருக்கிறது என்பதும் நிலைப்பைத் தீர்மானிக்கிறது என்று அது காட்டியது. பின்னால் பெட்டி கட்டிய வண்டி ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்பதற்கு விடை இங்கேதான் தொடங்குகிறது.

மோட்டார் சைக்கிளின் மூன்று அசைவுகள்

மோட்டார் சைக்கிளுக்கே உரிய பகுப்பாய்வை 1971-இல் பிரிட்டிஷ் பொறியாளர் ராபின் ஷார்ப் வெளியிட்டார். நேராக ஓடும் வண்டிக்கு மூன்று அடிப்படை அசைவுகள் உண்டு என்று அவர் காட்டினார். முதலாவது சாய்வு: வண்டி துடிக்காமல் மெல்ல ஒரு பக்கம் சரிவது, ஓட்டுநர் அதைத் தன்னையறியாமல் திருத்திக்கொள்கிறார். இரண்டாவது நெளிவு: முழு வண்டியும் பாம்பாக வளைந்து செல்வது, நொடிக்கு 2 முதல் 4 தடவை, பெரும்பாலும் அதிவேகத்தில். மூன்றாவது நடுக்கம்: முன்சக்கரமும் போர்க்கும் ஹேண்டிலும் மட்டும் துடிப்பது, பெரும்பாலும் நொடிக்கு 4 முதல் 10 தடவை.

நடுக்கத்தைப் புரிந்துகொள்ள டயரின் ஒரு குணம் முக்கியம். டயர் ரப்பரால் ஆனது. அது திரும்பிய கணத்திலேயே பக்கவாட்டு விசை முழுதாகத் தோன்றிவிடாது. சற்றுத் தூரம் உருண்ட பிறகே விசை ஏறும். இப்படித் தாமதமாக வரும் விசை, நடுவுக்குத் திரும்பிவிட்ட சக்கரத்தை மேலும் தள்ளி ஊஞ்சலாட்டத்துக்கு ஆற்றல் ஊட்டுகிறது. போர்க்கும் சட்டமும் பக்கவாட்டில் சிறிது வளைவதையும் கணக்கில் சேர்த்தபோதுதான், அதிவேகத்தில் இல்லாமல் நடுத்தர வேகத்தில் நடுக்கம் வருவதைப் பிந்தைய ஆய்வுகளால் விளக்க முடிந்தது. வண்டியின் முன்பகுதியில் எங்கே தளர்வு ஏற்பட்டாலும் நடுக்கம் கூடுவதன் காரணமும் இதுவே.

60-இல் மட்டும் ஏன்?

ஒவ்வோர் அமைப்பும் தானாக அசையும்போது ஒரு குறிப்பிட்ட வீதத்தில் அசையும். அது அதன் இயல் அதிர்வெண். வெளியிலிருந்து வரும் தூண்டல் அதே வீதத்தில் விழுந்தால் சிறு தூண்டலும் பெரிய அசைவாகும், இது ஒத்ததிர்வு.

17 அல்லது 18 அங்குல ரிம் கொண்ட சக்கரத்தின் சுற்றளவு டயரோடு சேர்த்து ஏறத்தாழ 1.9 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 6 தடவை சுழலும். 60-இல் 9 தடவை. 80-இல் 12 தடவை. முன்பகுதியின் இயல் அதிர்வெண் 9-ஐ ஒட்டி இருந்தால், சக்கரத்தில் உள்ள ஏதோ ஒரு குறை சுற்றுக்கு ஒருமுறை தரும் உந்தல் சரியாக 60-இல் அதனோடு பொருந்துகிறது. 40-இல் உந்தல் மெதுவாக வருகிறது. 80-இல் வேகமாக வருகிறது. இரண்டிலும் பொருத்தம் தப்புவதால் நடுக்கம் அடங்குகிறது. குறை அங்கேயேதான் இருக்கிறது.

அந்தக் குறை சிறிதாக இருந்தாலே போதும். ரிம்மின் ஓரிடத்தில் 30 கிராம் எடை கூடுதலாக இருப்பதாகக் கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது சக்கரத்தை வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 2 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகி 8 கிலோவைத் தொடும். அந்த இழுப்பு ஒவ்வொரு சுழற்சியிலும் ஒருமுறை திசை மாறி மாறி வருகிறது.

இனி முதல் புதிர் அவிழ்கிறது. சமநிலை இழந்த டயரும் வளைந்த ரிம்மும் தூண்டலைக் கூட்டுகின்றன. தளர்ந்த கோன் செட்டும் தேய்ந்த பேரிங்கும் முன்பகுதியின் விறைப்பையும் தணிப்பையும் குறைக்கின்றன. காற்றுக் குறைந்த டயர் இரண்டையும் செய்கிறது. ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கைகளும் தணிப்பான்களே. பிடி தளர்ந்ததும் நடுக்கம் தெரிவது அதனால்தான்.

அறிகுறியைப் படித்தல்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: எப்போது? ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் துடித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சுழலும் பாகங்களை: டயர், ரிம், ஸ்போக். பிரேக் பிடிக்கும்போது மட்டும் துடித்தால் டிஸ்க், டிரம், கோன் செட். மிக மெதுவாகப் போகும்போது வண்டி நேர்கோட்டில் நில்லாமல் அலைந்தால் கோன் செட் இறுகியிருக்கலாம் அல்லது பள்ளம் விழுந்திருக்கலாம். எல்லா வேகத்திலும் ஒரே பக்கம் இழுத்தால் போர்க்கின் வளைவையோ இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் இல்லாததையோ பார்க்க வேண்டும். அதிவேகத்தில் முழு வண்டியும் மெதுவாக அசைந்தால் அது நெளிவு. அதன் காரணம் பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும்.

ஒருவர் பல பத்தாண்டுகளில் ஓட்டிய வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் சந்தேகப் பட்டியலும் வண்டிக்கு வண்டி மாறும். சென்னையில் 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் பழைய புல்லட்டில் 19 அங்குல ஸ்போக் சக்கரமும் டிரம் பிரேக்கும் உண்டு. அதில் முதலில் பார்க்க வேண்டியது கம்பிகளின் இழுவிசை. 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 எடை குறைந்த வண்டி. முன்பகுதியின் சிறு தளர்வும் அதில் கைக்கு உடனே தெரியும். பிற்கால வண்டிகளின் அலாய் வீலில் கம்பித் தொல்லை இல்லை. ஆனால் பள்ளத்தில் விழுந்து ரிம்மின் விளிம்பு மடங்கினால் கம்பியை முறுக்கிச் சரிசெய்யும் வழியும் இல்லை. டிஸ்க் பிரேக் வந்ததும் டிஸ்க்கின் நெளிவும் பட்டியலில் சேர்ந்தது.

சோதிக்கும் வரிசை

எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்வதே நல்ல வரிசை. முதலில் காற்று. டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, வண்டியில் ஒட்டியுள்ள அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். காற்றுக் குறைந்த டயரில் விசையின் தாமதம் மாறுகிறது. நடுக்கம் எளிதில் எழுகிறது. காற்றை மட்டும் சரிசெய்து தீர்ந்த நடுக்கங்கள் ஏராளம்.

அடுத்து டயர். உள்ளங்கையால் தடவினால் மேடுபள்ளமான தேய்மானம் தெரியும். டயரின் பக்கச் சுவரில், ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் பஞ்சர் போட்டபோது டயர் சரியாக அமரவில்லை என்று பொருள்.

மூன்றாவது சக்கரம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்குக் கீழே முட்டுக்கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்ப வேண்டும். போர்க் காலில் ஒரு குச்சியைக் கட்டி அதன் முனை ரிம்மை உரசாமல் நிற்கும்படி வைத்துச் சக்கரத்தைச் சுழற்றினால் பக்கவாட்டு நெளிவும் மேல்கீழ் நெளிவும் தெரியும். பல வண்டிகளின் பழுதுநூல்கள் இரண்டுக்கும் 2 மில்லிமீட்டரை எல்லையாக வைக்கின்றன. ஸ்போக் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் மெல்லத் தட்ட வேண்டும். இறுகிய கம்பி தெளிவாக ஒலிக்கும்; தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். கம்பிகள் இருபுறமும் ரிம்மை இழுத்துப் பிடித்தே சக்கரத்தை வட்டமாக வைக்கின்றன. ஒரு பக்கக் கம்பிகள் தளர்ந்தால் ரிம் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும்.

சமநிலையையும் இப்போதே பார்க்கலாம். பிரேக் உரசாத நிலையில் சக்கரத்தை மெதுவாகச் சுழலவிட்டால், ஒவ்வொரு முறையும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் அந்த இடம் கனமானது. எதிர்ப்புறத்தில் ஈயக்கட்டி வைத்துச் சரிசெய்யலாம்.

நான்காவது பேரிங்குகள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால், போர்க் அசையாமல் சக்கரம் மட்டும் கடகடத்தால் வீல் பேரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு போர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். ஹேண்டில் தலைப்பகுதியில் 'டக்' என்று பட்டால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. போர்க் குழாய்களுக்குள் இருக்கும் புஷ் தேய்ந்தாலும் இதே ஆட்டம் தெரியும். ஒருவர் இழுக்க, இன்னொருவர் மூட்டின்மேல் விரல் வைத்துப் பார்த்தால் ஆட்டம் எங்கே என்று பிரித்தறியலாம்.

அடுத்து ஹேண்டிலை மிக மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்ப வேண்டும். நேர்நிலையில் வந்ததும் ஏதோ பிடிப்பதுபோல் நின்றால் பேரிங் தடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. சாலைக் குழிகளின் அடி பெரும்பாலும் ஹேண்டில் நேராக இருக்கும்போதே விழுவதால், குண்டுகள் அந்த ஓரிடத்திலேயே தடத்தை அழுத்திப் பள்ளமாக்குகின்றன. இந்த நிலையில் கோன் செட்டை இறுக்கிப் பயன் இல்லை. மாற்றித்தான் ஆக வேண்டும். குண்டுகளுக்குப் பதிலாகக் கூம்பு உருளைகள் கொண்ட பேரிங்கில் எடை புள்ளியில் தங்காமல் கோட்டில் பரவுகிறது. அதனால் அது நீடித்து உழைக்கிறது.

ஐந்தாவது போர்க். ஒரு பக்க ஆயில் சீல் கசிந்தால் இரு கால்களிலும் எண்ணெய் அளவு வேறுபட்டுத் தணிப்பு குலையும். ஸ்பிரிங் தளர்ந்து முன்பகுதி தாழ்ந்தால் சாய்கோணமும் பின்தொடர் நீளமும் குறையும். பிரேக் பிடிக்கும்போது முன்பகுதி அமுங்கி இவை மேலும் குறைவதால், தளர்ந்த வண்டிகளின் நடுக்கம் அப்போது வெளிப்படுகிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர்கள் ஆக்ஸிலை இறுக்கும் முன் முன்பகுதியைச் சில தடவை அமுக்கிவிட வேண்டும். இரு கால்களும் இணையாக அமரும்.

ஆறாவது பிரேக். டிஸ்க்கின் பக்கவாட்டு நெளிவுக்குப் பொதுவாக 0.3 மில்லிமீட்டரே எல்லை. தடிமன் இடத்துக்கு இடம் மாறினாலும் லிவரில் துடிப்பு தெரியும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். ஏபிஎஸ் வேலைசெய்யும்போதும் லிவர் துடிக்கும். அது கடுமையாகப் பிரேக் பிடித்துச் சக்கரம் வழுக்கும்போது மட்டும் வரும். மென்மையாகப் பிரேக் பிடிக்கும்போதே, சக்கரச் சுழற்சியோடு தாளம் சேர்ந்து துடித்தால் கோளாறு டிஸ்க்கில்.

இத்தனையும் சரியாக இருந்தால் பின்பக்கம் திரும்ப வேண்டும். பின்டயர், ஸ்விங் ஆர்ம் புஷ், பின்சக்கர நேரமைவு ஆகியவற்றின் குறை ஹேண்டிலில் வந்து தெரியலாம். பின்னால் கட்டிய கனமான பெட்டி முன்சக்கரத்தின் மேலுள்ள எடையைக் குறைத்து நடுக்கத்துக்கு இடம்கொடுக்கும்.

மறைப்பதும் தீர்ப்பதும்

பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் ஹேண்டில் தலைக்கு மேலே ஒரு திருகு இருக்கும். அதை இறுக்கினால் உராய்வு கூடி ஹேண்டில் ஆட்டம் அடங்கும். இன்றைய வேகவண்டிகளில் எண்ணெயால் இயங்கும் தணிப்பான் அதே வேலையைச் செய்கிறது. நடுக்கத்தைக் குறைக்கும் இந்தத் தணிப்பான் அதிவேக நெளிவைக் கூட்டக்கூடும் என்பது ஷார்ப்பின் பகுப்பாய்விலிருந்தே தெரிந்த செய்தி. தேய்ந்த பாகத்தை விட்டுவிட்டுத் தணிப்பானை இறுக்குவதும், ஆட்டத்தை மறைக்கக் கோன் செட்டை அளவுக்கு மேல் இறுக்குவதும் ஒரு கோளாறை இன்னொரு கோளாறாக மாற்றுவதே.

ஓடும்போது நடுக்கம் எழுந்தால் முன்பிரேக்கை அழுத்திப் பிடிக்கக் கூடாது. முழங்கால்களால் டேங்கை அணைத்து, உடலைச் சற்று முன்னே சாய்த்து, ஆக்ஸிலேட்டரை மெல்லத் தளர்த்தினால் வேகம் ஒத்ததிர்வு எல்லையைக் கடந்து இறங்கும், துடிப்பு அடங்கும். நடுக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சாலையில் கைகளை விட்டு ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. மேலே சொன்ன சோதனைகள் அனைத்தையும் வண்டியை நிறுத்தி வைத்தே செய்யலாம்.

பழுதுபார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். டயர், கோன் செட், பேரிங் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் நடுக்கம் போகலாம். எது காரணம் என்பது தெரியாமலே போகும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே சாலையில், அதே காற்றழுத்தத்தில், அதே சுமையோடு, முன்பு துடித்த அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். துடிப்பு முழுதாகப் போகாமல் குறைந்தால், தூண்டலில் ஒரு பங்கு நீங்கியது, இன்னொன்று மிஞ்சியிருக்கிறது என்று கொண்டு வரிசையில் அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.